தளும்பாத டம்ளர்

காலையில் பால் பாக்கெட் வரும். பரத்வாஜ் எழுந்து, கதவில் தொங்கும் பையிலிருந்து அதை எடுப்பான். அடிபம்பில் வருகிற அளவுக்குத் தண்ணீர் பிடிப்பான். பாலை அடுப்பில் வைத்து, பொங்குவதற்குள் இறக்குவான். காபி கலந்து நின்றுகொண்டே குடிப்பான். முந்தின நாள் சட்டையைத் துவைத்து, ஜன்னல் கம்பிக்கும் அலமாரிக்கும் நடுவே கட்டிய நைலான் கயிற்றில் அறைக்குள்ளேயே உலர்த்துவான்.

மந்தைவெளியில் அந்த வீட்டுக்கு மேல் பெரிய மொட்டைமாடி உண்டு. அங்கே வெயில் ஆளில்லாமல் காய்ந்துகொண்டிருக்கும். மே மாதத்தில் யாராவது ஆத்துக்குள் துணி உலர்த்துவாளா என்று கீழ்வீட்டு ஜானகி மாமி ஒருநாள் கேட்டுப் பார்த்தாள். இருக்கட்டும் மாமி என்று சொல்லிவிட்டு, அவன் செருப்பை மாட்டிக்கொண்டு லஸ் பக்கம் இருந்த வங்கிக்கு நடந்தான்.

அவன் மனைவி ஸ்ரீரஞ்சனி போன நவம்பரில் இறந்துபோனாள். இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. அறுவைச் சிகிச்சைக்கு உள்ளே போனவள் திரும்பவில்லை. மற்றவர்கள் இதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். அவன் மணி என்ன என்று கேட்டவருக்கு மணி சொல்வதுபோலச் சொன்னான். அவன் முகத்தில் எதுவும் அசைவதில்லை. உள்ளேயும் அசைவதில்லை. அதைப் பற்றி அவனுக்குக் கவலையும் இல்லை.

அந்த முகத்தைத்தான் ஆராவமுதன் கண்டுபிடித்தார்.

ஆராவமுதன் ஓய்வுபெற்ற அரசு அதிகாரி, தி. நகர்வாசி, தென்சென்னை வாள்வீச்சுக் கழகத்தின் ஆயுட்காலத் தலைவர். ஒருநாள் வரைவோலை வாங்க வங்கிக்கு வந்தார். அவருக்கு முன்னால் நின்ற ஆள் கவுன்டரைக் கையால் அடித்து, பரத்வாஜின் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் உரக்க விசாரித்துக்கொண்டிருந்தார். பரத்வாஜ் முத்திரை குத்திக்கொண்டிருந்தான். இமைகூட அசையவில்லை. ஆராவமுதன் தன் முறை வந்ததும் வரைவோலையைக் கேட்கவில்லை. என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பி.ஏ. உளவியல் என்றான். ஆராவமுதன் கவுன்டருக்குள் கையை நீட்டி அவன் கையைக் குலுக்கினார்.

கழகத்துக்கு ஒரு தொல்லை இருந்தது. அதன் பிள்ளைகள் பயிற்சியில் புலிகள். போட்டி என்று வந்தால் கை நடுங்கித் தோற்றுவிடுவார்கள். காரணத்தைக் கண்டறியக் கழகம் ஒரு குழு அமைத்தது. குழு பிள்ளைகளை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு, நீண்ட மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, "ஏன் பயப்படுகிறாய்? உண்மையைச் சொல்" என்று கேட்டது. அதுவரை பயப்படாதவர்களும் அன்று பயந்தார்கள். பயம் பரவுவதாகக் குழு அறிக்கை தந்தது. பரவலைத் தடுக்க உபகுழு. உபகுழு, மனோதிட அலுவலர் ஒருவரை நியமிக்கச் சொன்னது. சம்பளம் கிடையாது. பேட்ஜ் உண்டு.

பரத்வாஜ் சம்மதித்தான் என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு வேலை எதுவும் இருக்கவில்லை.

அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில் பயிற்சி நடந்தது. நடுவில் நீளமாக ஒரு பாய்த்தளம். இருபுறமும் இரண்டு பேர், வெள்ளை உடை, கையில் மெல்லிய வாள். முனை உடம்பில் பட்டால் கம்பி வழியாக மின்சாரம் ஓடி, ஓரத்திலிருக்கும் பெட்டியில் விளக்கு எரியும். முகத்தை முழுக்க ஒரு கறுப்பு வலை மூடிவிடும். முகமே தெரியாத அந்த விளையாட்டில், முகத்தில் பயம் தெரியக்கூடாது என்பதுதான் கழகத்தின் முதல் விதி.

ஹாலில் மின்சாரம் எடுக்க ஒரே ஒரு பிளக் இருந்தது. மேடை மைக்குக்கும் அதுதான், விளக்குப் பெட்டிக்கும் அதுதான். எனவே மைக் ஓய்ந்த பிறகுதான் வாள் அசையும்.

இதையெல்லாம் பரத்வாஜுக்கு விளக்கியவர் பயிற்சியாளர் மெஹபூப் அலி. கழகத்தின் பெரியவர்களில் வாள் பிடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் அவரை எந்தக் குழுவிலும் போடவில்லை.

"அந்தப் பொண்ணப் பாரு நைனா" என்றார் அலி. "அன்புச்செல்வி. பட்டினப்பாக்கம்."

பாய்த்தளத்துக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணுக்குப் பதினேழு வயது இருக்கும். வாள் பிடித்த கை, கூடையில் போட்ட மீன்போலத் துடித்தது. திடீரென்று வாளைக் கீழே வைத்துவிட்டு ஹாலுக்குப் பின்னால் ஓடினாள். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள், முகவலையை மாட்டினாள், எதிரே நின்ற உயரமான பையனை மூச்சு விடாமல் குத்தித் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கை அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"தெனம் இப்டித்தான். வாந்தி எடுக்கும், ஜெயிக்கும். முனை ஆடிக்கினே இருக்கறதால எங்க வந்து எறங்கும்னு எதிராளிக்குத் தெரியாது. நான் சொல்லிக் குடுத்தது இல்ல, அதுவா வந்தது" என்றார் அலி.

அவளுடைய அம்மா சொர்ணம், பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவள். ஸ்டேட் டீமில் பெயர் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அன்புச்செல்விக்கு ஒரு காலேஜில் இடம் கிடைக்கும் என்று அலி விசாரித்து வைத்திருந்தார். இல்லையென்றால் கிண்டி தொழிற்பேட்டையில் சட்டைக்குப் பித்தான் தைக்கிற வேலை தயாராக இருந்தது. ஜூன் மாதத் தேர்வுப் போட்டியில் பெண்கள் பிரிவில் ஒரே இடம்.

அன்று ஆராவமுதன் மேடையேறி மனோதிட அலுவலரை அறிமுகப்படுத்தினார். அதற்குச் சற்று முன்பு, பொன்னாடையைப் பிரித்துக்கொண்டே, கடைசியாக உங்கள் மனைவி ஏதாவது சொன்னாரோ என்று பரத்வாஜிடம் கேட்டிருந்தார். "சொன்னா" என்றான் பரத்வாஜ். அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. அந்த இடைவெளியை ஆராவமுதன் அனுமதி என்று எடுத்துக்கொண்டார்.

"குழந்தைகளே" என்று ஆரம்பித்தார். "நான் வாழ்நாளில் வாளைத் தொட்டதில்லை. ஆகவே தோற்றதும் இல்லை. இந்த நிதானத்தை நீங்கள் என்னிடம் கற்றுக்கொள்ள வேண்டும். என்னைவிடவும் நிதானமானவர் ஒருவரை இன்று அழைத்து வந்திருக்கிறேன். இவர் மனைவி மரணப் படுக்கையில் இவர் கையைப் பிடித்து என்ன சொன்னார் தெரியுமா? 'தைரியமாக இருங்கள்' என்றார். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. இவரும் அழவில்லை. இதோ, இப்போதும் அழவில்லை, பாருங்கள்."

பிள்ளைகள் பார்த்தார்கள். பரத்வாஜ் அழவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

அதன்பின் சுற்றறிக்கைகள் வந்தன. பயம் என்ற சொல்லைக் கழக வளாகத்துக்குள் உச்சரிக்கக்கூடாது. 'நிதானக் குறைவு' என்று சொல்ல வேண்டும். வாரம் ஒருமுறை மூச்சுப் பயிற்சி. மாதம் ஒருமுறை அதில் பரீட்சை. பரீட்சைக்கு முந்தின நாள் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டியது. தேறாதவர்களுக்கு மறுபரீட்சை உண்டு என்று அறிவித்ததும் தேறியவர்களுக்கும் முட்டியது.

கடைசியாக வந்தது டம்ளர் சோதனை. இது தலைவரே யோசித்தது. எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர். வாள் பிடிக்கும் கையில் அதை ஏந்தி, கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தலைவர் பேசுவார். அவர் பேசி முடிக்கும்வரை தண்ணீர் தளும்பக்கூடாது. தளும்பினால் ஆடத் தகுதியில்லை. தளும்பியதா இல்லையா என்று மனோதிட அலுவலர் சான்று தருவார்.

தொண்ணூற்று மூன்றாம் வருடத்துக் கோடை அது. ஊரே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது. லாரி வராததால் முதல் சோதனையையே ஒத்திவைக்க வேண்டியிருந்தது. அடுத்த வாரம் அது நடந்தபோது, மகளைக் கூட்டிப்போக வந்த சொர்ணம் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள்.

"எங்க தெருவுல ஒரு கொடம் தண்ணிக்கு மண்டைய ஒடச்சிக்கினு கீறோம்" என்றாள் பரத்வாஜிடம். "நீங்க அத்த டம்ளர்ல ஊத்தி, குடிக்காம கையில தூக்கிக்கினு நிக்கிறீங்க. இன்னா சார், வேண்டுதலா?"

மனோதிடம் என்றான். அவள் அவன் முகத்தையே பார்த்துவிட்டு, பாவம் என்று யாரைச் சொன்னாள் என்று தெரியாதபடி சொல்லிவிட்டுப் போனாள்.

சோதனையில் முதலிடம் சாய்சரண் என்ற பையனுக்கு. தலைவர் கழகத்தின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து சொல்லி முடித்தபோதும் அவன் டம்ளரில் ஒரு சொட்டுக் குறையவில்லை. அவனைத் தென்மண்டலப் போட்டிக்கு அனுப்பினார்கள். அங்கே எதிராளி அவனைப் பதினைந்து முறை குத்தினான். இவன் ஒருமுறையும் குத்தவில்லை. சாய்சரண் புன்னகையோடு வந்து உட்கார்ந்தான். போட்டி ஆரம்பித்துவிட்டதா என்று பரத்வாஜிடம் மெதுவாகக் கேட்டான்.

அதே போட்டியில், டம்ளரில் தேறாமல் அலியே தன் பொறுப்பில் பெயர் கொடுத்துக் கூட்டிப்போயிருந்த அன்புச்செல்வி மூன்று முறை வாந்தியெடுத்துவிட்டு வெண்கலப் பதக்கம் வாங்கினாள்.

ஊர் திரும்பியதும் தி. நகரில் பாராட்டு விழா. சாய்சரணுக்கு 'நிதானத் திலகம்' பட்டம். "நம் வீரர் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை" என்றார் ஆராவமுதன், குரல் தழுதழுக்க. "ஆனால் ஒருகணம்கூடக் கலங்கவில்லை. வியர்த்தது யார்? ஜெயித்தவர்தான். புள்ளிகளை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். புள்ளி எடுக்காமல் நிற்க நம் கழகத்தால்தான் முடியும்."

அன்புச்செல்விக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை. பதக்கம் வாங்கிய மேடையில், எல்லோர் முன்னாலும் அவள் கை நடுங்கியதாம்.

விழாவில் ஸ்ரீரஞ்சனியின் கடைசி வார்த்தைகள் வளர்ந்திருந்தன. வெற்றியையும் தோல்வியையும் ஒன்றாகப் பாருங்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். அடுத்த கூட்டத்தில், வாளைப்போல் வளையுங்கள், ஆனால் ஒடியாதீர்கள் என்றாள். பரத்வாஜ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். ரஞ்சனிக்கு அருவாமணையில் வெண்டைக்காய் நறுக்கவே பொறுமை கிடையாது. இவ்வளவு நீளமாக அவள் பேசியதும் கிடையாது. மறுக்க வேண்டும் என்று ஒரு எண்ணம் வந்தது. வந்த வழியே போய்விட்டது.

தேர்வுப் போட்டிக்கு முந்தின வாரம், பயிற்சி முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அன்புச்செல்வி பக்கத்தில் வந்தாள். உடைப்பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"சார், நான் இனிமே வர்ல. அலி சாருகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

ஏன் என்று கேட்டான்.

"உங்க வீட்டம்மா சாவப்போற நேரத்துல கூட பயப்படலியாமே. கை நடுங்கலியாமே. நான் ஒரு வெளாட்டுக்குப் போயி வாந்தி எடுத்துக்கினு கீறேன். எனக்கு இதெல்லாம் ஆவாது சார்." உடைப்பையின் வாரைக் கையில் சுற்றினாள். "மெய்யாலுமே அப்டித்தான் சொன்னாங்களா?"

பரத்வாஜ் வாயைத் திறந்தான். அவனுடைய பஸ் வந்தது. ஏறிவிட்டான். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவள் பதிலுக்காக அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அவன் பக்கத்திலேயேதான் நின்றிருந்தான்.

தேர்வு நாளன்று சொர்ணம் மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். உடையைத் துவைத்துக் காயப்போட்டது நானு, வரமாட்டேன்னா வுட்டுருவனா என்று ஹால் வாசலில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். மேடையில் நாற்காலிகள் கோயில் படிபோல அடுக்கப்பட்டிருந்தன. மேடைக்கு மேலே சுவரிலிருந்து சுவர்வரை ஒரு துணி பேனர். 'அஞ்சாதே! நடுங்காதே! களம் உனதே!' அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: அமரர் ஸ்ரீரஞ்சனி பரத்வாஜின் இறுதி வாக்கு.

பரத்வாஜ் அதை இரண்டு முறை படித்தான். அவளுடைய பெயரை இவ்வளவு பெரிய துணியில் அவன் பார்த்ததில்லை.

கடைசி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அன்புச்செல்வி. இன்னொருத்தி வர்ஷினி, தி. நகர்ப் பெண், நன்றாக ஆடுபவள். ஜெயிப்பவளுக்கு ஸ்டேட் டீம். டம்ளர் இந்த ஆட்டத்துக்கு முன் மட்டும்.

வர்ஷினி முதலில் நின்றாள். பேச்சின் நடுவில் தலைவருக்கு இருமல் வந்ததால் சீக்கிரம் முடிந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. பிறகு அன்புச்செல்வி டம்ளரை வாங்கினாள். வாங்கும்போதே தளும்பியது. ஆராவமுதன் மைக்கைச் சரிசெய்வதற்குள் பாதித் தண்ணீர் தரையில் கிடந்தது.

"சோதனை முடிந்தது" என்றார் ஆராவமுதன். "குழந்தாய், உன்மேல் எனக்குக் கோபமில்லை. கழகத்துக்கும் கோபமில்லை. நடுங்கும் கையை மாநிலத்துக்கு அனுப்பினால், தென்சென்னை என்ன நினைக்கும் என்பதுதான் கவலை. மேலே எழுதியிருப்பதைப் படி. அதைச் சொன்ன அந்த உத்தமியின் கை நடுங்கியதா? இதோ, சாட்சி இங்கேயே இருக்கிறார். மனோதிட அலுவலர் அவர்களே, சொல்லுங்கள். கை நடுங்கியதா?"

மைக்கைப் பரத்வாஜ் பக்கம் திருப்பினார்.

"நடுங்கித்து" என்றான் பரத்வாஜ்.

ஆராவமுதன் மைக்கை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்தார்.

"என்ன சொல்றேள்?" ஆராவமுதனின் மேடைத்தமிழ் நழுவி விழுந்தது.

"அவ கை நடுங்கித்து சார். என் கையைத்தான் பிடிச்சுண்டிருந்தா. எனக்குத் தெரியும். என் கையும் நடுங்கித்து. நீங்க எழுதியிருக்கிறதுல ஒரு வார்த்தைகூட அவ சொல்லலை."

"அது ஒரு உத்வேகத்துக்காக..."

"உங்களுக்கு உத்வேகம் வேணும்னா உங்காத்து மாமியைக் கேளுங்கோ. என் ஆத்துக்காரியை விட்டுடுங்கோ."

மேடையிலிருந்து இறங்கினான். அன்புச்செல்வியின் கையிலிருந்து டம்ளரை வாங்கினான். இப்போது அவன் கையிலும் அது தளும்பியது. மீதித் தண்ணீரை அண்ணாந்து குடித்தான். பேட்ஜைக் கழற்றி டம்ளருக்குள் போட்டு, மேடை விளிம்பில், தலைவரின் செருப்புக்கு நேராக வைத்தான்.

"இது அப்பட்டமான ஒழுங்கீனம்" என்றார் ஆராவமுதன்.

"ஆமாம் சார்" என்றான் பரத்வாஜ்.

விளக்கம் கேட்கப்படும், குழு அமைக்கப்படும், அந்தப் பெண் தகுதி இழந்தவள் என்று ஆராவமுதன் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தபோது குரல் பாதியில் நின்றுபோனது. வாய் மட்டும் அசைந்தது. மெஹபூப் அலி பிளக்கைப் பிடுங்கிவிட்டிருந்தார். அதே இடத்தில் விளக்குப் பெட்டியின் ஒயரைச் செருகினார்.

"விதிப் புத்தகம் எங்கிட்ட கீது" என்றார் நிதானமாக. "வாள் கீது, மாஸ்க் கீது, கையுறை கீது. டம்ளர் இல்ல. இன்னிக்கி நடுவர் நானு. முடிவுத்தாள்ல கையெழுத்து என்னுது. பொண்ணுங்க ரெண்டு பேரும் வாங்க."

அன்புச்செல்வி கையைத் தூக்கினாள். "சார், ஒரு நிமிசம்." ஹாலுக்குப் பின்னால் ஓடினாள்.

எல்லோரும் காத்திருந்தார்கள். வர்ஷினி பரத்வாஜ் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், "அங்கிள், நானும் போயிட்டு வரட்டுமா? காலம்பறலேர்ந்து அடக்கிண்டிருக்கேன்" என்றாள். போ என்றான். அவளும் ஓடினாள். அதைப் பார்த்த இன்னும் சில பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்தார்கள். நிதானத் திலகம் சாய்சரணும் எழுந்தான். ஹாலுக்குப் பின்னால் குழாயடியில் வரிசை நின்றது. சொர்ணம் ஒவ்வொரு முதுகாகத் தடவிவிட்டு, வாயக் கொப்புளி கண்ணு, அவ்ளோதான், ஒண்ணுமில்ல என்று சொல்லி உள்ளே அனுப்பினாள். கழகம் தொடங்கிய நாளிலிருந்து அவ்வளவு பேருக்கு ஒரே நேரத்தில் முகம் தெளிந்தது அன்றைக்குத்தான்.

ஆட்டம் நடந்தது. வர்ஷினி முன்னால் போனாள், அன்புச்செல்வி எட்டிப் பிடித்தாள், மறுபடியும் வர்ஷினி. கடைசியில் ஆளுக்குப் பதினான்கு. இன்னும் ஒரே ஒரு குத்து. அலி கையை உயர்த்தினார். அன்புச்செல்வியின் வாள்முனை காற்றில் கிடுகிடுவென்று ஆடியது. வர்ஷினி அந்த முனையைத் தடுக்கப் பார்த்தாள்; அது அங்கே இல்லை. அன்புச்செல்வி பக்கத்து விளக்கு எரிந்தது.

இரண்டு பேரும் முகவலையைக் கழற்றிக் கை குலுக்கினார்கள். இரண்டு கையும் நடுங்கின. அலி முடிவுத்தாளில் கையெழுத்துப் போட்டு மடித்து, தன் சட்டைப்பைக்குள் வைத்துப் பித்தானும் போட்டுக்கொண்டார். ஆராவமுதன் மைக் இல்லாமலே நன்றியுரையை ஆரம்பித்திருந்தார். இந்த வெற்றி டம்ளர் சோதனைக்குக் கிடைத்த வெற்றி என்று அவர் சொன்னதாக முதல் வரிசையில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

பரத்வாஜ் நாற்காலி மேல் ஏறி பேனரை அவிழ்த்தான். யாரும் தடுக்கவில்லை. மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

பஸ் ஸ்டாப்பில் சொர்ணம் காலி கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அன்புச்செல்வி அவனைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். கை இன்னும் நிற்கவில்லை. அதை அவள் மறைக்கவும் இல்லை. பட்டினப்பாக்கம் பஸ் ஒன்று வந்து போயிற்று. அவள் ஏறவில்லை. அவனும் தன் பஸ்ஸை விட்டான்.

"அப்ப மெய்யா இன்னாதான் சார் சொன்னாங்க?"

போன நவம்பர், ஆஸ்பத்திரி நடைவழி, ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், ஜன்னலுக்கு வெளியே கறுப்பாக மேகம் இறங்கியிருந்தது, கதவுகிட்ட ஒரு நிமிஷம் நிறுத்தினார்கள் என்று சொன்னான். அதற்குள் அவன் முகம் என்னவோ ஆகிவிட்டது. சொர்ணம் கூடையிலிருந்து எழுந்து நின்றாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொள்ளாமலே, ரஞ்சனி சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொன்னான்.

"பயமாத்தான் இருக்கு. மொட்டைமாடில துணி காயறது, மழை வர்றதுக்குள்ள எடுத்துடுங்கோ."